பதம் ஏறாத நாக்கு

டர்னருக்கு மச்சான் ஒரு வேலை கொடுத்திருந்தார். கட்டிட வேலை நடக்கும் இடங்களில் கைப்பிடியைச் சுற்றிப் பாரம் தூக்கும் கைவின்ச் வைத்து மாடிக்குக் கல் பலகை ஏற்றிக் கொடுப்பது மச்சானின் தொழில். அந்த வின்ச்சில், சக்கரம் பின்னால் திரும்பிவிடாமல் பல்லைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு நாக்கு ஒன்று உண்டு. மேலே போன பலகையை இறக்கி வைக்கும்போது மட்டும் அதைத் தூக்கிவிட்டு, கைப்பிடியைக் கையாலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நாக்கின் முனை உடைந்துபோயிருந்தது.

"மாப்ளே, கடையில இது மட்டும் தனியா கிடைக்காதாம். உன் கைக்கு இது ஒரு வேலையா?"

"திங்கக்கிழமை வாங்கிக்குங்க மச்சான்."

டர்னர் பகலில் ஆலையில் லேத் ஓட்டுபவர்; அதனால்தான் அந்தப் பெயர். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு சிறு பட்டறை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், பழைய வண்டி ஒன்றின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டை அடுப்பில் வைத்து ஊதினார். ஸ்பிரிங் இரும்பு அப்படியே இருந்தால் அரம் வழுக்கும், டிரில் உடையும். முதலில் அதை இளக்க வேண்டும். நன்றாகச் சிவந்து, காந்தம் ஒட்டாமல் போனதும், இடுக்கியால் எடுத்து வாளிச் சாம்பலுக்குள் புதைத்தார். மெல்ல ஆறினால்தான் இளகும்.

மறுநாள் விடியுமுன்பே எடுத்தார். அரம் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வேலைக்குக் கிளம்புவதற்குள் நாக்கை வடிவுக்குக் கொண்டுவந்து துளையும் போட்டுவிட்டார். எமரித்தாள் தேய்த்துப் பளபளப்பாக்கியது வெறும் ஆசைக்காக. மீண்டும் சூடேற்றி எண்ணெயில் முக்கினால்தான் இளகிய இரும்பு மறுபடி இறுகி அதற்குப் பதம் ஏறும். அதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பெஞ்சின்மேல் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

இரண்டரை மணிக்குத் திரும்பியபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

"அண்ணன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க," என்றாள் மனைவி. "மார்க்கெட் பக்கத்துப் புதுக் கட்டிடத்துல அவசரமா வேலை வந்துடுச்சாம். கண்ணாடி மாதிரி இருக்குன்னு ஒரே சந்தோஷம்."

டர்னர் மச்சானின் எண்ணைத் தேடினார். போனில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் வண்டியை எடுத்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கட்டிடத்தின் கீழே கூட்டம் நின்றது. மணல் குவியலில் ஒரு கல் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. வின்ச் ஓட்டும் ஒல்லியை அப்போதுதான் ஆட்டோவில் ஏற்றினார்கள். பெயர்தான் ஒல்லி, வாசலை அடைத்து நிற்கும் உருவம். வலது முன்கை நடுவில் மடங்கித் தொங்கியது. பலகை கீழே இறங்கிய வேகத்தில் கைப்பிடி பின்னால் சுழன்று அடித்திருந்தது.

"நாலு பலகை நல்லாத்தான் ஏத்தினான். அஞ்சாவதை இறக்க நாக்கைத் தூக்கிட்டுக் கைய விட்டுட்டான்!" மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார். "பதினஞ்சு வருஷமா ஓட்டறவன், இப்படியா பண்ணுவான்?"

எல்லாரும் ஆட்டோவின் பின்னால் போனார்கள். டர்னர் வின்ச் அருகே போனார். நாக்கின் முனை, மென்று துப்பிய குச்சி மாதிரி மழுங்கியிருந்தது; சக்கரத்தின் பல்லைப் பிடிக்க அதில் விளிம்பே இல்லை. அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒல்லி, எலும்பைச் சேர்க்கக் கொடுத்த மயக்கம் தெளிந்து படுத்திருந்தார். மச்சானைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"வேர்வையில வழுக்கிடுச்சு போலண்ணே. எனக்கு நெனவே இல்ல. கீழ ஆள் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"சரி சரி, விடு," என்றார் மச்சான் வேறு பக்கம் பார்த்தபடி.

டர்னர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளையும் வந்தது, சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை, சட்டையைத் துவைக்க எடுத்த மனைவியின் கையில் அந்த நாக்கு கிடைத்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

அவர் சொன்னார். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் எடுத்துக் குடுத்ததாலதானா?"

"நீ என்ன பண்ணுவ? பார்த்தா வேலை முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. வேலை பாக்கி இருக்குன்னு ஒரு வார்த்தை உன்கிட்ட நான் சொல்லல."

"அந்த மனுஷன் தன் மேலயே பழி போட்டுக்கிட்டுப் படுத்திருக்காருங்க." அவள் எழுந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அன்று அவர் ஷிப்டுக்குப் போகவில்லை. மச்சான் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, நாக்கை நீட்டினார். மச்சான் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று டர்னர் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"நான்கூட ஒரு வார்த்தை கேக்காம எடுத்துட்டு வந்துட்டேன்," என்றார் மச்சான் கடைசியில். "ஆனா கழட்டி ஒளிச்சது நீதான். வா, அவன்கிட்ட நீயே சொல்லு."

ஒல்லி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப நான் கைய விடலையா?"

"இல்லண்ணே."

"நெசமா விடலையா?"

"விடல. தப்பு என்னோடது."

ஒல்லியின் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு இறுகியது.

"சனிக்கிழமை இதே கட்டில் பக்கத்துல நின்னியே. நான் அழுததைப் பார்த்துக்கிட்டுத்தானே நின்ன?"

ஒல்லி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எலும்பு சேர இரண்டரை மாதம் ஆனது. மணிக்கட்டு முன்போல முழுதாகத் திரும்பவில்லை. கைப்பிடி சுற்றும் வேலை இனி ஆகாது. மச்சான் புது வின்ச் வாங்கினார். ஒல்லியை அளவெடுக்கிற வேலைக்கு மாற்றினார். வேலையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அன்று ஒல்லி கையை விடவில்லை என்று அவரே சொன்னார்.

டர்னரிடமும் மச்சான் பேசுகிறார், வீட்டுக்கு வருகிறார். வேலை மட்டும் கொடுப்பதில்லை. ஒல்லி தெருவில் எதிரே வந்தால் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் டர்னர் வண்டியை நிறுத்தி, "கை எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு," என்றார் ஒல்லி. நடையை நிறுத்தவில்லை.