ஒப்பாரி எடுபடாத வீடு

அன்சிரத் மாரில் அறைந்துகொண்டு, “என் மலையே, சாய்ஞ்சிட்டியா!” என்று ஒப்பாரியை எடுத்ததும் கூடத்து மூலையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். துக்கத்துக்கு நீல உடுப்பு போட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் சட்டென்று தலையைக் குனிந்தார்கள். பாதிப் பேருக்குத் தோள் குலுங்கியது.

செத்துப்போன ஸெபிகானின் மகள் முகத்தஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒப்பாரி இல்லாமல் பிணம் வைத்த சந்தூக்கு வாசலைத் தாண்டினால், போனவருக்கு அழ ஆளில்லை என்றுதான் தாஷ்கண்டில் பேசுவார்கள். ஆனால் யாரைக் குற்றம் சொல்வது? எல்லாம் அம்மா செய்த வேலை. நாடக மேடை ஏறிய முதல் பெண்களில் ஸெபிகானும் ஒருத்தி. அண்ணன்மார் கண்டுகொண்டால் வெட்டிப்போடுவார்கள் என்று, இளம்பெண்ணாக இருக்கும்போதே நரைமுடியும் பொக்கைவாயுமாகக் கிழவி வேஷம் கட்டினாள். பயத்தில் கட்டிய வேஷத்துக்கு ஊரே சிரித்தது. அப்புறம் வாழ்நாள் முழுக்கக் கிழவிதான். சினிமாவில் ஒரு விதவையாக வந்தாள். புருஷனுக்கு ஒப்பாரி வைத்தபடியே ஒரு கண்ணால் புலாவ் அண்டாவைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு நகரத்தில் யார் ஒப்பாரி வைத்தாலும் அந்த விதவை ஞாபகம் வந்து சிரித்தார்கள்; எதுவும் எடுபடவில்லை.

“என் பொழைப்புல மண்ணைப் போட்டவ உங்கம்மா,” என்றாள் அன்சிரத். வீடு வீடாகப் போய் ஒப்பாரி வைப்பதுதான் அவள் தொழில்.

முகத்தஸ் அவள் பக்கம் சாய்ந்தாள். “அக்கா, அம்மா அந்த சினிமா ஒப்பாரியை உங்ககிட்டயா கத்துக்கிட்டாங்க?”

“பின்ன? வீடு தேடி வந்து சப்பணம் போட்டு உக்காந்துட்டா. ‘நான் செத்துட்டேன்னு வச்சுக்க, அழு’ன்னா. அழுதேன். அவளும் தேம்பித் தேம்பி அழுதா. முடிஞ்சதும், ‘மூக்கைச் சிந்துனியே, அந்த இடம் பிரமாதம்’கிறா!”

“நெசமா அழுதாங்களா, நடிச்சாங்களா?”

“நானும் இத்தனை வருஷமா அதைத்தான்டி யோசிக்கிறேன்.”

அம்மா அழுது முகத்தஸ் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கலாமே என்று ஆற்றாமையாக இருந்தது.

“தூக்கலாமா?” என்று முற்றத்திலிருந்து ஆண்கள் குரல் கொடுத்தார்கள். சந்தூக்கு தோளேறியது. முகத்தஸ் வாசலுக்கு ஓடி வாயைத் திறந்தாள். வந்தது அம்மாவின் குரல். அதே இழுப்பு, அதே உடைசல். பின்னால் பெண்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று அவள் நிறுத்தவில்லை. அவளுக்கு அம்மா வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் சிரிப்புச் சத்தம் இல்லை.

முன்னால் தோள் கொடுத்திருந்தவர் காலெடுத்து வைக்காமல் நின்று, மெல்லத் திரும்பிச் சந்தூக்கைப் பார்த்தார்.