ஜெனுட் கம்பத்துக்கு உப்பு

மாதம் பன்னிரண்டு மூட்டை கல்லுப்பை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கம்பத்துக் கிராமம் என்னதான் செய்யும்? மலாக்கா காஜா பெராங்கில் ஒரு மளிகைக் கடையில் சரக்கு ஏற்றியனுப்பும் சேதுராமனுக்கு அது பிடிபடவேயில்லை. மலாயாவுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அது. லோரிக்காரர் கலியாணசுந்தரம் பகாங் காட்டோரம் போகும்போதெல்லாம் உப்பு வாங்கினார். கருவாடு போட அங்கே கடல் இல்லை. மிளகாயோ புளியோ அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"யாருக்கண்ணே இவ்வளவு?" என்று முதல் மாதமே கேட்டான்.

"ஜெனுட்டுக்கு லா. படகுத்துறைக்கு எதிர்க்கரை."

கம்பத்தின் பெயர் போலும் என்று, மூட்டைகளில் 'ஜெனுட் கம்பம்' எனத் தன் கையாலேயே மையில் எழுதினான். அதைப் பார்த்துக் கலியாணசுந்தரம் வயிறு குலுங்கச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பதும் பிடிபடவில்லை.

மூன்றாம் மாதம் தம்பி தேவதாஸின் கடிதம் வந்தது. அவன் அதே பகாங்கின் தாமான் நெகாரா காப்புக்காட்டில் காவலாள்.

'அண்ணே, இங்கே ஜெனுட் என்றால் உப்புச் சுவையுள்ள சேற்றுப் பள்ளம். தழை தின்னும் மிருகத்துக்கு உடம்பில் உப்புப் போதாது. அந்த மண்ணை நக்க வரும். எங்கள் காவல் ஆற்றின் இந்தக் கரையோடு சரி. இப்போது இங்கே எதுவும் வருவதில்லை. நான் பார்த்துவந்த மூன்று காண்டாமிருகங்களில் இரண்டு, கொம்பு அறுபட்டு ஆற்றில் மிதந்தன. திருட்டு வேட்டைக்காரர்களுக்கு நான்தான் ஆள்காட்டி என்கிறார் அதிகாரி. மாத முடிவுக்குள் காரணம் காட்டாவிட்டால் சிறைதான்.'

வாசலில் பன்னிரண்டு மூட்டைகளும் அவன் கையெழுத்தோடு காத்திருந்தன. லோரி வந்து நின்றது.

"என்னப்பா, இன்னும் ஏத்தலையா?"

"உப்பு இல்லண்ணே."

"இதோ குந்தியிருக்கே! கண்ணு உப்பிப்போச்சா உனக்கு?"

"நனைஞ்சது. விக்கிறதுக்கில்ல."

"அதுங்க என்ன, நனைஞ்சதுன்னு பார்த்தா நக்கப்போவுது?"

"எதுங்கண்ணே?"

கலியாணசுந்தரத்தின் சிரிப்பு நின்றது. "மலாக்காவுல உன் கடை ஒண்ணுதானா?" என்றபடி லோரியை ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருப் பக்கம் திருப்பினார்.

அங்கே உப்பு கிடைக்கும். விற்க மறுத்துப் பயனில்லை. சேதுராமன் அன்றே தம்பிக்கு எழுதினான்:

'உங்கள் படகுத்துறைக்கு எதிர்க்கரையில் தேடு. அங்கே உங்கள் காவல் இல்லை. குழி தோண்டி, மண்ணில் கல்லுப்பைக் கலந்திருப்பார்கள். உன் ஜெனுட்டைவிட அது கரிக்கும். அதனால்தான் மிருகங்கள் ஆற்றைக் கடக்கின்றன. மண்ணை நாக்கில் வைத்துப் பார். பக்கத்தில் கிடக்கும் சாக்குகளில் என் கையெழுத்து இருக்கும். அதிகாரியிடம் கொடு, என் பெயரையும் சொல்; உப்பு வாங்கியது யாரென்று நான் சாட்சி சொல்கிறேன். பிறகு ஓடையிலிருந்து குழிக்குள் ஒரு வாய்க்கால் வெட்டி, மறுபக்கம் வெளியேற வழி விடு. ஓடும் தண்ணீரில் உப்பு கரைந்துபோகும், மண் சப்பென்றாகிவிடும். இத்துடன் ஒரு மூட்டை உப்பு அனுப்புகிறேன். அதை உன் ஜெனுட்டில் கொட்டு. மூன்றாவது உயிரோடிருந்தால் உன் கரைக்கு வரும்.'