சிவப்பு மூடி

பூச்சிமருந்து அடிக்கும் டேங்கின் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே, கம்பளிக்குமேல் கம்பளியாகப் போர்த்திக்கொண்டு கணவன் சுருண்டு கிடந்தான். விட்டு விட்டு வரும் காய்ச்சல் அது. வந்தால் ஆளையே உலுக்கும். விட்டாலோ, ஒன்றும் நடவாதவன்போல் எழுந்து மண்வெட்டியைத் தேடுவான். நகரத்து ஆஸ்பத்திரியில் தங்கி இரத்தம் சோதித்து, சொன்ன நாள்வரை மாத்திரை விழுங்கினால் அடியோடு போய்விடும் என்று ஊருக்கு வந்துபோகும் செவிலி சொல்லியிருந்தாள். "முதல் பறிப்பு முடிஞ்சு கையில காசு வரட்டும்" என்று அவன்தான் தள்ளிப்போட்டான். ஆகையால் தோட்டத்தில் தொங்கியவை வெறும் தக்காளிகள் அல்ல. அவனுடைய பிழைப்பே அந்தப் பச்சைக் காய்களுக்குள் இருந்தது. அந்தக் காய்களைத்தான் புழு துளைக்கத் தொடங்கியிருந்தது.

"ஏங்க... சிவப்பு மூடிதானே புழு மருந்து?"

"சிவப்புதான். நீலம் வரப்புல புல்லுக்கு. எத்தனை தடவை கேப்ப?"

"கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"எனக்குத்தான் காது தேயுது. போ, வெயில் ஏறதுக்குள்ள அடிச்சிட்டு வா."

இரண்டு புட்டிகளும் ஒரே கடையில் வாங்கியவை. ஒரே பழுப்பு, ஒரே உயரம், மூக்கைத் துளைக்கும் அதே நாற்றம். மேலே ஒட்டிய காகிதத்தில் பொடி எழுத்துகள் எறும்புச்சாரைபோல் ஊர்ந்தன. அந்த எறும்புகள் அவனிடம் பேசும், அவளிடம் பேசா. எழுத்தைத் தொடவேண்டிய வயதில் அவளுடைய தாய் படுக்கையில் விழுந்துவிட்டாள். கஞ்சி காய்ச்சவும் தம்பியை இடுப்பில் சுமக்கவும் ஒரு கை தேவைப்பட்டது. பள்ளிக்கூடத்து மணி ஓசையாக மட்டுமே அவள் காதில் விழுந்து, பிறகு அதுவும் பழகிப்போயிற்று.

கணவன் அவளை ஒருநாளும் இளப்பமாகப் பேசியதில்லை. களை பறிக்கும்போது ஒரு கதை சொல்வான். "ஒரு கொக்கும் எலியும் கூட்டா வெள்ளாமை வெச்சுதாம். கொக்கு கழுத்த நீட்டி, மேகம் வருதா, பருந்து வருதான்னு பாத்துச் சொல்லுமாம். எலி மண்ணக் கிளறி வெதைக்குமாம். அப்படி வெளஞ்சுதாம், காடே மூக்கு மேல விரல் வெச்சுதாம்."

"கொக்குக்குக் கழுத்து சுளுக்கிட்டா எலி என்ன செய்யும்?"

"கொக்குக்கு எங்கயாவது கழுத்து சுளுக்குமாடி?" என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். பிறகு, "வேலை ஓயட்டும், உனக்கும் நாலெழுத்து சொல்லித் தரேன்" என்பான். தோட்டத்தில் வேலை ஓய்ந்தால் காய்ச்சல் வந்துவிடும். காய்ச்சல் ஓய்ந்தால் வேலை வந்துவிடும்.

அன்று அவள் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒரு செடி விடாமல், இலையின் அடிப்புறம் நனையும்படி அடித்தாள். அவன் அடித்திருந்தால்கூட இவ்வளவு பொறுமையாக அடித்திருக்கமாட்டான். திரும்பும்போது முதுகு விண்விண்ணென்று வலித்தது. மனசு மட்டும் லேசாக இருந்தது.

மறுநாள் காலை தோட்டம் அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நுனிக்கொழுந்துகள் சுருண்டு, தண்டுகள் முறுக்கிக்கொண்டு, செடிகள் அத்தனையும் தலையைக் கவிழ்த்திருந்தன. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பில் நின்று ஓர் இலையை விரலால் நீவிப் பார்த்தார்.

"நேத்து என்ன தங்கச்சி அடிச்ச?"

"புழு மருந்துதாண்ணா."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னார். "அந்தப் புட்டியக் கொண்டுபோய் உன் வீட்டுக்காரர்கிட்ட ஒருதரம் காட்டும்மா."

வீட்டில் அவன் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் இறங்கியிருந்தது. "உடம்பு பஞ்சாட்டம் இருக்கு. டீ இருந்தா குடு" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினான். அவள் இரண்டு புட்டிகளையும் அவன்முன் வைத்தாள். சிவப்பு மூடிப் புட்டியை எடுத்து, கண்ணருகே கொண்டுபோய், அவன் படித்தான். படித்ததையே மறுபடியும் படித்தான்.

"இதுதான் களை மருந்து" என்றான்.

கடைசியாக அவன் மருந்தடித்த நாள் அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. வரப்புக்கும் செடிக்கும் அடித்துவிட்டு, இரண்டு புட்டிகளும் திறந்திருக்கையில் குளிர் வந்தது. கை நடுங்க, அகப்பட்ட மூடியை அகப்பட்ட புட்டியில் திருகிவிட்டு வந்து படுத்தான். மூடி எதுவானால் அவனுக்கென்ன? எடுக்கும்போது படித்துக்கொள்வான். அவன் மூடியைப் பார்ப்பதே இல்லை. அவளோ மூடியைத் தவிர வேறெதையும் பார்க்க இயலாதவள்.

"தப்பு உன்னுது இல்ல. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"நான் கேட்டேனே."

"கேட்ட. நான் கண்ணத் தொறக்கல."

இருவரும் தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. "கொக்குக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு" என்று அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு..." என்று அவள் தொடங்கினாள்.

அவன் இரண்டு மூடிகளையும் திருகிக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். "இனி மூடியப் பாக்காத. கிட்ட வா. இன்னிக்கே சொல்லித் தரேன். இதான் மொத எழுத்து." விரலைக் காகிதத்தின்மேல் வைத்தான். அவள் குனிந்தாள். விரல் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுத்தடுத்த எழுத்தைக் காட்டுகிறான் என்றே முதலில் நினைத்தாள். பிறகுதான் அவன் தோளும் நடுங்குவதைக் கண்டாள். எழ முயன்றவன் சாய்ந்தான். அவள் பாய்ந்து தாங்கியபோது கால் பட்டுப் புட்டிகள் இரண்டும் உருண்டன.

அவனைப் படுக்கவைத்து, இருக்கும் துணியெல்லாம் போர்த்திவிட்டு ஓடிவந்தாள். புட்டிகளை நிமிர்த்தி வைத்தாள். சிந்திய ஈரத்தின்மேல் மண்ணை அள்ளிப் போட்டாள். பிறகு மூடப் போனவளின் கை அந்தரத்தில் நின்றது. ஒரே பழுப்பு, ஒரே உயரம். எது எது?

உள்ளே அவன் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. "ஏங்க" என்று ஒருமுறை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. கிட்டே வந்த கோழிகளை விரட்டிவிட்டு, வாய் திறந்து நின்ற இரண்டு புட்டிகளுக்கும் நடுவில், உள்ளங்கையை விரித்தபடி உட்கார்ந்துகொண்டாள். அதில் சிவப்பும் நீலமும் வெயிலில் பளபளத்தன.