இறுக்கியே வைத்திருந்த கிட்டார்

மீரா உசேன் கிட்டாரை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து அதன் குறுக்கே இரும்பு அடிக்கோலை வைத்தார். கோல் நடுவில் மட்டும்தான் பட்டது. இரண்டு ஓரத்திலும் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பின்பக்கம் பேர்ந்து நின்றது. வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தவனைப் போலக் கிடந்தது வாத்தியம். அவர் ஒரு விரலால் உப்பலைத் தட்டிப் பார்த்தார். உள்ளே எதுவோ தளர்ந்து கடகடத்தது.

"கம்பிய யாரும்மா இப்படி இறுக்கியே வச்சிருந்தது?"

"ஏன் பாய்?" என்றாள் விண்ணரசி.

"வாசிக்கிற ஆளு ஊர்ல இல்லேன்னா தளத்தி விட்டுடணும்ல? ஆறு கம்பியும் ராப்பகலா இழுத்துக்கிட்டே இருந்தா பலகை என்னதான் செய்யும்? அதுலயும் நம்ம ஊரு ஈரக்காத்து வேற. யாரோ வேலையத்தவங்க பார்த்த வேலை."

விண்ணரசி கிட்டாரைச் சுற்றிக் கொண்டுவந்த போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

அந்த வேலையத்தவள் அவள்தான். தொண்ணூற்று மூன்றில் புருஷன் அருள்ஜோதி சார்ஜாவுக்குக் கிளம்பியபோது, கீழ்வேளூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு சொன்னான்: "கிட்டார் சுருதி இறங்காம பாத்துக்க. நான் வந்து எடுத்தா அப்படியே வாசிக்கணும்." ஆறு துளை வைத்த சின்ன ஊதல் ஒன்றையும் கையில் கொடுத்தான். ஒவ்வொரு துளையும் ஒரு கம்பிக்கு. ஊத வேண்டியது, காதில் வாங்க வேண்டியது, கம்பி அதோடு சேரும்வரை திருகாணியைத் திருக வேண்டியது. அவ்வளவுதான் வித்தை. பாட்டு ஒன்றுகூட அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம்கூட எழுந்து உட்கார்ந்து திருகிவிட்டுப் படுத்தாள். பக்கத்து வீட்டு ஃபிளோரா, "புருஷனை முடுக்க முடியலேன்னு கிட்டாரை முடுக்குறியா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். கடிதத்துக்குப் பதில் வராத மாதங்களில் அவன் சொன்ன ஒரு காரியம் அவள் கையில் இருந்தது. அது அவளுக்குப் போதும்.

தொண்ணூற்று ஐந்தில் நாற்பது நாள் லீவில் வந்தான். எடுத்தான், வாசித்தான். "கம்பி கொஞ்சம் எழும்பியிருக்கு" என்று மட்டும் சொன்னான். அதன்பிறகு வீடு கட்ட ஓவர்டைம், ஒப்பந்த நீட்டிப்பு என்று நாலு வருஷம் ஓடிப்போயிற்று. பலகை மெல்ல மெல்ல உப்பியது அவள் கண்ணுக்கும் தெரிந்தது. மழைக்காலத்துக் கதவு மாதிரி, வெயில் வந்தால் சரியாகும் என்று நினைத்துக்கொண்டாள். இப்போது பதினெட்டாம் தேதி வருகிறான், கிறிஸ்துமஸுக்கு. போன சனிக்கிழமை உறையைக் கழற்றித் துடைத்தபோதுதான் கட்டை பேர்ந்திருந்ததைப் பார்த்தாள்.

மீரா உசேன் நாகப்பட்டினத்தில் பேர்போன ஓடாவி, படகு கட்டுகிறவர். இப்போது துபாய் காசில் எழும்புகிற வீடுகளுக்குக் கதவு, ஜன்னல் என்று மூச்சுவிட நேரமில்லை. மாதா கோயில் ஆர்மோனியத்தைச் சரிசெய்தவர் என்று உபதேசியார் சொன்னதை நம்பித்தான் அவரிடம் வந்திருந்தாள்.

"பதினெட்டாம் தேதிக்குள்ள முடியுமா பாய்?"

"முடியும். ஆனா அவசரப்படுத்தக் கூடாது. மரத்த நனச்சு, சூடு காட்டி, மெதுவாச் சொன்னாக் கேக்கும். படகுப் பலகைய வளைக்கத் தெரிஞ்சவனுக்கு நிமித்தவா தெரியாது?"

கட்டையை முழுதாகக் கழற்றினார். துளை வழியாகக் கைவிட்டு, சவரக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்து, உள்ளே பிடிவிட்ட குறுக்குச் சட்டத்தை விரல் நுனியால் தொட்டுக் காட்டினார். ஈரத்துணியை உப்பலின் மேல் விரித்துக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். ஆவி கிளம்பிற்று. மேலே ஒரு தேக்குப் பலகை, உள்ளே ஒரு சிறு பலகை, இரண்டையும் சேர்த்துக் கிளாம்பு. முடுக்கினார், நிறுத்தினார், தேநீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் கால் சுற்று முடுக்கினார். அவள் பஸ்ஸுக்கு நேரமாவது தெரிந்தும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சார்ஜாவில் லீவு, அன்றுதான் போன் வரும். பின்னணியில் ஜெனரேட்டர் சத்தம். அவன் வேலையே அதை ஓட்டுவதுதான், தங்குவதும் அதை ஒட்டிய அறையில். கத்திக் கத்தித்தான் பேசுவான். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்றா, தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது நின்றதா என்று வரிசையாகக் கேட்டு முடித்தான். அவள் கேட்டாள்:

"கிட்டார் கம்பிய இறக்கக் கூடாதுன்னு ஏன் சொன்னீங்க?"

"என்னது?"

"கிட்டாருங்க. சுருதி இறங்காம பாத்துக்கன்னு சொன்னீங்கல்ல. போற அன்னைக்கு, பஸ் ஸ்டாப்புல."

"நானா? அப்படியா சொன்னேன்?" சிரித்தான். "ஞாபகமே இல்லடி விண்ணு. அது கெடக்குது கழுத. தொட்டிக்கு யாரை வச்சுப் பாத்த?"

தொட்டியைப் பற்றிச் சொன்னாள். போனை வைத்தபிறகு அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். அடுப்பில் பால் பொங்கி வழிகிறவரை நின்ற இடத்திலேயே நின்றாள். முந்நூறு சனிக்கிழமைக்கு மேல் இருக்கும். சொன்னவனுக்கே தெரியாத ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டு மாரடித்திருக்கிறாள். போய்ச் சொல்லிவிடலாம், கிட்டாரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் பாய் என்று. சொல்லவில்லை. பதினாறாம் தேதி போய் வாங்கிவந்தாள். பலகை ஏறக்குறையச் சமமாக இருந்தது. அடிக்கோலை வைத்துக் காட்டியபோது ஒரு நூல் வெளிச்சம்தான் தெரிந்தது. கட்டையைத் திரும்ப ஒட்டிப் புதுக் கம்பி போட்டிருந்தார். "வாசிச்சு முடிச்சா தளத்திடணும். யாரு வீட்ல இருந்தாலும், இல்லாட்டியும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் வீடு நிறையச் சனம். அத்தர் வாசனை, புதுப் போர்வை வாசனை, மிட்டாய்க் காகிதம். அருள்ஜோதி தடித்திருந்தான், முன்நெற்றி ஏறியிருந்தது. விண்ணரசி கொல்லையில் விரால் மீனை உப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கிட்டார் எடுங்கண்ணே" என்றது யாரோ.

கூடத்தில் கம்பிகள் ஒருசேர அதிர்ந்தன. பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்று. அவன் பாடவும் செய்தான்; குரலுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஃபிளோரா கைதட்டினாள். "கை மறக்கலியே!" என்றார் உபதேசியார்.

விண்ணரசியின் கை மீன்மேல் நின்றுபோனது. மூன்றாவது கம்பி இறங்கியிருந்தது. புதுக் கம்பி, காலையில் அவள் சுருதி ஏற்றியது, இளகிவிட்டது. நிறைய இல்லை, ஒரு மயிரிழை. ஒவ்வொரு தடவையும் அவன் கை அங்கே வரும்போது பல் கூசியது அவளுக்கு. கூடத்தில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. முதல் அடி முடிந்தது, இரண்டாவது முடிந்தது, அவன் கண்ணை மூடி ரசித்துப் பாடிக்கொண்டே போனான். நிஜமாகவே அவன் காதில் விழவில்லை என்று புரிந்தபோது அவளுக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சனங்களுக்கு நடுவே வந்து அவன் முன்னால் குந்தினாள். பாட்டு நின்றது. கிட்டார் அவன் மடியில்தான் இருந்தது. ஊதலைத் தேடாமல் மூன்றாவது கம்பியைச் சுண்டி, திருகாணியைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினாள். மறுபடி சுண்டினாள்.

"என்னடி பண்ற? நல்லாத்தானே இருக்கு?"

"இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொல்லிக்குடுத்தது?"

"செத்த பேசாம இருங்க" என்றாள்.

காதைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அருள்ஜோதி கம்பிகளிலிருந்து விரல்களை எடுத்து, வைக்க இடம் தெரியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். மிட்டாய் மென்றவர்கள்கூட வாயை நிறுத்தினார்கள். அவளுடைய உப்பு ஈர விரல் நாலாவது கம்பிக்குப் போயிற்று.