போதும் சொல்லாத கார்கள்

தானியத்தைக் காய்ச்சிக் கார்களுக்கு எரிபொருள் எடுக்கிற எத்தனால் ஆலை திறந்த இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஓட்ட ஆளில்லாத ஒரு வெள்ளைக் கார் மெஸ்ஸுக்குள் வந்து, பெஞ்சின் கடைசியில் ஒதுங்கி நின்று, சோற்றுக்குக் காத்திருந்தது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தானிய மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள். நிமிர்ந்து பார்த்தார்கள், இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள், மறுபடி சோற்றைப் பிசைந்தார்கள். வெயில் முகத்தில் அடிக்கிறது, ஷட்டரைப் பாதி இறக்கினால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் மட்டும் சொன்னார். அதுவும் முடியவில்லை. காரின் பின்பாதி தெருவில் இருந்தது.

மெஸ்ஸை நடத்தியவளை ஊரே மெஸ் அக்கா என்றது. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளிடம் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. வந்து உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும், அவர் தட்டைக் கையால் மறைத்துப் போதும் என்று சொல்கிறவரை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அளவில்லாச் சாப்பாடு என்று வாசலில் எழுதியிருந்தது வெறும் பெயிண்ட் இல்லை. தின்கிற தீனியால் ரெண்டாள் என்று பெயர் வாங்கிய மூட்டைக்காரர் ஒருவர் தினமும் வருவார். அவர் கை தட்டின் மேல் வருவதற்குள் இவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும், ஆனால் முகம் கோணியதில்லை. அதே முகத்தோடுதான் அன்று காரின் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். போட்ட சோறு போட்டவுடனே மறைந்தது. மறுபடி போட்டாள், மறைந்தது. காருக்குக் கை இல்லை என்பது அண்டாவின் அடி தெரிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கடைசிப் பந்திக்கு வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு மூட்டைக்குப் போனார்கள்.

அந்த மெஸ்ஸின் அரிசியும் பருப்பும் அதுவரை ஏரிக்குக் கீழே இருந்த அவளுடைய தம்பியின் நிலத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. ஆலைக்காரர்கள் அவனைத் தேடி வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூமியைக் காப்பாற்றப்போவது அவன்தான் என்றார்கள். அவனை அதுவரை யாரும் எதையும் காப்பாற்றச் சொன்னதில்லை, குளிர்ந்துபோனான். நெல்லை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறினான், ஏரிக்கரை முழுக்க அவன் பின்னால் மாறியது. சோளம் போதவில்லை என்று கரட்டுக்காட்டை மழித்தார்கள். அதுவும் போதவில்லை என்று அரசாங்கக் கிடங்கு அரிசிக்கு வந்தார்கள். நொறுங்கிய அரிசியை மட்டுமே எடுப்பதாகச் சொன்னார்கள். சொன்ன அன்றே கிடங்கில் இருந்த நல்ல அரிசியெல்லாம் மூட்டைக்குள்ளேயே தானாக நொறுங்கிக்கொண்டது, அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆலையின் ஆழ்துளைக் குழாய்கள் குடித்த குடியில் தம்பியின் கிணறு வறண்டது. வாய்க்காலில் கறுப்புத் தண்ணீர் வந்தது, மாடுகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தன, கொடியில் காய்கிற துணியெல்லாம் புளித்து நாறியது. ஆலைச் சுவரில் மட்டும் பச்சைப் பெயிண்டில் புகையில்லா நாளை என்று எழுதியிருந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் புகைபோக்கி நின்றது. எழுதியவனுக்குக் கண் இல்லாமல் இருந்திருக்காது, வெட்கம்தான் இருந்திருக்காது.

வெள்ளைக் கார் வந்த அடுத்த நாள் மூன்று கார்கள் வந்தன. மாதம் முடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தொட்டது. போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து, மனிதர்கள் இடப்பக்கம், கார்கள் வலப்பக்கம் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் கோடு இடப்பக்கமாக நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது, மனிதர்கள் சுவரில் சாய்ந்து நின்று கிடைத்ததைத் தின்றார்கள். அவள் ஒருநாள் ஷட்டரை இறக்கிப் பார்த்தாள். கார்கள் ஹாரன்கூட அடிக்காமல் சாயங்காலம்வரை பொறுமையாக நின்றன, பட்டினி கிடந்தது மூட்டைக்காரர்கள்தான். கார்களின் சொந்தக்காரர்கள் காசை ஒழுங்காக அனுப்பிவிட்டார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எடுத்துப்போட கடையில் அரிசிதான் இல்லை. அரை வயிற்றோடு மூட்டை தூக்கிய ஒருவர் மண்டிப் படியில் சரிந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் தூக்கிய மூட்டையும் ஆலைக்குப் போகிற மூட்டைதான். இதைக் கேட்ட அன்று அவள் கரண்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். அது போட்ட பள்ளம் இன்னும் இருக்கிறது.

சொந்தக்காரர்களின் வீடுகளுக்கு அவளே நடந்து போனாள். உங்கள் வண்டி சாப்பிட்டு முடித்ததும் நீங்கள் வந்து ஒரு வார்த்தை போதும் என்று சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டாள். வெள்ளைக் காரின் சொந்தக்காரர் நல்ல மனிதர், அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

"நான் இன்னும் சாப்பிடவே இல்லையேம்மா. நான் எப்படிப் போதும்னு சொல்றது?"

அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே குழம்பித்தான் கேட்டார். அவள் மோரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். திரும்பும் வழியில் தம்பி எதிர்ப்பட்டான், நடந்ததைச் சொன்னாள். ஆலை இல்லையென்றாலும் சோளத்தை வேறு எவனாவது வாங்கித்தானே இருப்பான் என்றான்.

"வாங்கினவன் தின்னிருப்பான்டா," என்றாள்.

அன்று தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மெஸ்ஸுக்கு வந்து, வெள்ளைக் காரின் தட்டைக் கையால் மறைத்து, போதும் என்று சத்தமாகச் சொன்னான். சோறு அவன் விரல் இடுக்கு வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. முந்தின நாளும் சாப்பாடு கிடைக்காத ரெண்டாள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, கிறக்கமா என்று அவருக்கே தெரியாது, நடந்து வந்து தம்பியின் கையை விலக்கித் தன் கையை வைத்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே தட்டில் இருந்த சோறு அப்படியே நின்றது. காரின் இன்ஜின் அணைந்தது. பின்னால் நின்ற கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. அந்த வாரம் முழுக்க மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். சாப்பிட்டவன் கை பட்டால் கார் நிற்பதில்லை, பசித்தவன் கை பட்டால்தான் நின்றது.

ஆலை மேலாளர் விசாரிக்க வந்தார். எரிபொருளுக்கு யாரோ தடை போடுகிறார்கள் என்று அவருக்குப் புகார் போயிருந்தது. அவரும் தன் கையை வைத்துப் பார்த்தார், சோறு ஓடியது. நாளைக்குப் பட்டினியாக வந்து வைத்துப் பாருங்கள் என்று மெஸ் அக்கா மரியாதையாகத்தான் சொன்னாள். நாளைக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, அங்கே சாப்பாடு உண்டு என்றார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை. ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது மெஸ்ஸில் தினமும் ஒருவர் பட்டினி இருக்கிறார். முறை வைத்து இருக்கிறார்கள். அவர் காலையிலிருந்து எதுவும் தின்னாமல் வந்து முதல் காரின் தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிட்டு எழுகிறவரை நிற்பார். இடுப்பு முறிந்தவரும் ஊன்றுகோலோடு வந்து தன் முறைக்கு நின்றார். தம்பி எல்லாரையும்விட அதிகமாக நிற்கிறான், அவனிடம் யாரும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். உள்ளூரில் யாருக்கும் இது அதிசயமாக இல்லை, இன்றைக்கு யார் முறை என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். யாரையும் பசியோடு அனுப்பாதவள் என்று பெயர் எடுத்தவள், தினம் ஒருவரைப் பசியோடு நிற்கவைத்துவிட்டுத்தான் அண்டாவைத் திறக்கிறாள்.

நேற்று அவளுடைய முறை. இடது கையைக் காரின் தட்டின் மேல் வைத்துக்கொண்டு, வலது கையால் பந்திக்குப் பரிமாறினாள். ரெண்டாள் இரண்டாவது கரண்டிக்கே தட்டை மறைத்துக்கொண்டார்.

"போதும்க்கா."

"பொய் சொல்லாதீங்க. கையை எடுங்க," என்றாள்.

அவர் எடுக்கவில்லை. அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள், கை வலித்திருக்கும். அவர் கையை எடுத்ததும் மூன்றாவது கரண்டியைப் போட்டாள், நான்காவதையும் போட்டாள். பக்கத்தில் வெள்ளைக் கார் அசையாமல் நின்றது.