இறந்தவர் வந்து போட்ட கையெழுத்து

ஆக்லாந்தில் நான் லாங்கி பெனியாமினா. பிறப்புச் சான்றிதழில், அப்பா பெயரோடு, லாங்கி யாக்கோபோ. சமோவாவில் இதை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு வயதில் ஆக்லாந்தில் இருந்த பெரியப்பா பெனியாமினா வீட்டில் தங்கிப் படிக்கப் போனேன், அவர் பெயர் என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. யார் வீட்டில் சாப்பிடுகிறோமோ அந்த வீட்டுப் பிள்ளை, அவ்வளவுதான்.

சமோவா திரும்பி, தலைநகர் ஆப்பியாவில் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டபோதுதான் வந்தது வினை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று பெற்ற அப்பா நேரில் வந்து சத்தியக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். இல்லாவிட்டால் என் ஆக்லாந்து மதிப்பெண்கள் செல்லாது.

அப்பா விடிவதற்குள் குளித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் இடுப்பில் கட்டும் லாவலாவா வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. பேருந்தில் பார்த்தவர்களிடம் எல்லாம், "மக யூனிவர்சிட்டியில சேர்றா. நான் போகலேன்னா நடக்காதாம்" என்றார். அவர் எங்கள் சபையில் மூப்பர். உடைந்த தட்டை ஒளித்ததற்காக, ஏழு வயதில் என்னைச் சாயங்கால ஜெபம் முழுக்க முழங்காலில் நிறுத்தியவர்.

அலுவலகத்தில் லுயிசா என்ற அம்மாள், காதோரம் செம்பருத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

"பேரு ஏன் மாறுதுன்னு பள்ளிக்கூடத்துக்கே எழுதிக் கேட்டோம். பதில் வந்திருக்கு" என்று கணினியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஐயா, நீங்க சொந்த அப்பாதானே?"

"பெத்தவன்தாம்மா."

"இதுல அப்பா காலமாயிட்டார்னு இருக்கு. புள்ளையே எழுதிக் குடுத்ததாம்."

ஆமாம், நான்தான் எழுதினேன்.

எழுதியபோது எனக்குப் பதினைந்து வயது. அதுவரை அப்பா திங்கட்கிழமைதோறும் பள்ளி அலுவலகத்துக்கே போன் செய்வார். கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று கத்துவார். "லாங்கி சாப்பிட்டாளா?" என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பார். கூடப் படித்தவர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பள்ளி மாறியதும், புதுப் பள்ளியின் படிவத்தில் அப்பா என்ற கட்டத்தில் 'காலமானார்' என்று அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டேன். அவரிடம், இந்தப் பள்ளியில் போன் எடுக்க மாட்டார்கள் என்றேன். நம்பினார்.

இப்போது அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்."

"எதுக்குங்க ஐயா?"

"அண்ணன் புள்ளையாவே வளரட்டும்னுதான். இவ சின்னப்புள்ள, இவளுக்கு என்ன தெரியும்."

"அப்ப அதையும் கடிதத்துல சேர்க்கணும். பைபிள்ல கைய வச்சுச் சொல்லணும், பரவாயில்லையா?"

"கொண்டாங்க."

நான் வாயைத் திறந்திருக்கலாம். இடம் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேன் என இன்றுவரை எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மையில்லை. லுயிசாவின் முன்னால் தலைகுனியப் பிடிக்கவில்லை. அப்பா சொன்னார், கையெழுத்துப் போட்டார், முத்திரை விழுந்தது. எனக்கு இடம் கிடைத்தது.

பேருந்து நிலையத்தில் தேங்காய்ப்பால் பன் ஒன்று வாங்கி என் கையில் வைத்தார். "காலையில நீ ஒண்ணும் சாப்பிடல" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. என்னை அங்கேயே நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

அடுத்த மாத முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து. அறிக்கையிடாத பாவத்தோடு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்பார்கள். அப்பத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுபோவது அப்பாவின் வேலை. அன்று அவர் அதற்கு எழுந்து போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தட்டு வந்ததும், எடுக்காமல் என்னிடம் நீட்டினார். முன்வரிசைத் தலைகள் திரும்பின. மூப்பர் என்ன பாவம் செய்தாரோ என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

தட்டு என் கையில் இருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று, நான் எடுத்துச் சாப்பிட்டேன்.