குண்டூசியில் ஒரு புழு

சதுப்பு நிலத்தின் மேல் போட்டிருந்த மரப்பாதை வெயில் ஏற ஏற நாற ஆரம்பித்தது. அழுகிய இலை, பாசி, செத்த மீன். வழிகாட்டி வேலைக்கு வந்த அவளுக்கு அது பழகிவிட்டது. பழகாதது, பின்னால் வந்தவர் மேலிருந்து வீசிய சென்ட்.

பறவைப் படம் எடுக்க வந்திருந்த அவருக்கு, தோளில் தொங்கிய நீண்ட லென்ஸைப் பார்த்து வழிகாட்டிகள் வைத்த பெயர் பீரங்கி. முதலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. "சும்மா கிடக்குது, சோம்பேறி" என்றார். நீர்நாய் குட்டிகளோடு நீந்திப் போனது. அவர் திரும்பக்கூட இல்லை.

"எனக்கு நீலக்குருவி வேணும்யா. மத்ததெல்லாம் என்கிட்ட இருக்கு."

"வரும் சார். என் கைராசி அப்படி" என்றார் அத்தான்.

அத்தான் அவளுடைய அக்கா புருஷன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அவர் கூட்டிப்போனால் பறவை தப்பாமல் வரும் என்று ஊரே சொல்லும். அவளும் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். மூன்றாவது வளைவில், பட்ட மரத்துப் பொந்தில் நீலக்குருவி குஞ்சு பொரித்திருப்பதை முதலில் பார்த்தவள் அவள். அத்தானிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

வளைவுக்கு வந்தார்கள். தாய்க்குருவி பொந்திலிருந்து வெளியே வந்து, எதிரே சாய்ந்திருந்த கிளையில் உட்கார்ந்தது. கிளையில் ஒரு புழு நெளிந்தது. கொத்தியது. விழுங்கியது.

தலையை உதறியது. மறுபடி உதறியது. அலகு திறந்தபடியே நின்றுவிட்டது.

"ஆகா! பாடுது பாருங்க!" பீரங்கியின் கேமரா படபடவென்று அடித்தது.

சத்தமே வரவில்லையே, என்ன பாட்டு? குருவி பக்கவாட்டில் சரிந்து சேற்றில் விழுந்ததும் அவள் கைப்பிடியைத் தாண்டிக் குதித்தாள். இடுப்பு வரை சேறு. கையில் அட்டை ஏறியது. எடுத்தபோது குருவி இன்னும் சூடாக இருந்தது. தொண்டை இறகுக்குள்ளிருந்து ஏதோ விரலில் குத்தியது.

குண்டூசி முனை.

நிமிர்ந்து கிளையைப் பார்த்தாள். வரிசையாகக் குண்டூசிகள். ஒவ்வொன்றிலும் ஒரு புழு. சில காய்ந்து கறுத்திருந்தன, சில இன்னும் வளைந்து வளைந்து துடித்தன.

"இதுதான் உங்க கைராசியா அத்தான்?"

"கத்தாத. எல்லாரும் பண்றதுதான். புழு கீழ விழக்கூடாதுன்னு குத்தறது. புழுவைத் தின்னுட்டு ஊசிய விட்டுட்டுப் போகும்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா!"

குருவியின் கண்ணில் சவ்வு மூடியது. மூடிய கையைத் திறந்தாள், அது அசையவில்லை.

பீரங்கி குனிந்து எட்டிப் பார்த்தார். "அந்தத் தாமரை இலை மேல வைம்மா. தலை இந்தப் பக்கம். சோகமா நல்லா வரும்."

அவள் சேற்றிலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைக்கும்போது பொந்துக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று பசிக் குரல் கேட்டது. இனி அந்தக் குஞ்சுகளுக்கு அப்பன் ஒருவன்தான்.

அந்த அப்பன் தண்ணீருக்கு மேல் பறந்து வந்துகொண்டிருந்தான். நேராக அந்தக் கிளைக்கு.

"அசையாத! யாரும் அசையாதீங்க!" பீரங்கியின் குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "ஆணும் வந்துருச்சு!"

அவள் செத்த குருவியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு பாய்ந்தாள். சேறு காலைப் பிடித்து இழுத்தது. கிளையை இரு கையாலும் பற்றி, மொத்த உடம்பையும் போட்டு முறித்தாள். குண்டூசிகள் உள்ளங்கையில் இறங்கின. ஆண்குருவி மிரண்டு நாணலுக்குள் மறைந்தது.

"பைத்தியமா இவ? என் படம் போச்சு!"

அத்தான் பலகையில் மண்டியிட்டுக் கை நீட்டினார். "அந்தக் கிளைய இப்படிக் கொடும்மா. சத்தமில்லாம தண்ணில அமுக்கிடலாம். வனக்காவலருக்குத் தெரிஞ்சா என் பொழப்பு போயிடும். உங்க அக்கா மூஞ்சிய நெனச்சுப் பாரு."

அவள் நினைத்துப் பார்த்தாள். அக்காவிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. அத்தானின் விரல் நகங்களில் புழுவின் பசை ஒட்டியிருந்தது. அந்தக் கையைப் பிடித்து மேலே ஏற அவளால் முடியாது.

சட்டையில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியை அழுத்தி வனக்காவலரைக் கூப்பிட்டாள். "மூணாவது வளைவுக்கு வாங்க. பொந்துக்கு எதிர்ல ஊசியில புழு குத்தி வெச்சிருக்காங்க. தாய்க்குருவி செத்துடுச்சு." அத்தானை நேராகப் பார்த்தாள். "வெச்சது எங்க அத்தான்."

அத்தான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பீரங்கி பையை அவசரமாக மூடினார்.

அவள் முறிந்த கிளையை மார்போடு பிடித்துக்கொண்டு சேற்றிலேயே நின்றாள். வாயில் ஊறிய கசப்பைத் துப்பினாள். கொஞ்ச நேரத்தில் ஆண்குருவி நாணலை விட்டு வந்தது. அலகில் ஒரு தும்பி. கிளை இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நேரே பொந்துக்குள் போனது.